இருட்டில் திறக்கும் பீரோ: வானொலி நாடகத்தில் காணாத செயலை எழுதுவது

1924 ஜனவரி 15 அன்று இரவு, பிபிசியின் லண்டன் நிலையம் ரிச்சர்ட் ஹியூஸ் என்னும் இளம் எழுத்தாளரின் சிறு நாடகம் ஒன்றை ஒலிபரப்பியது. மேடை நாடகங்களையே எடுத்து ஒலிவாங்கியின் முன் நின்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், வானொலிக்கென்றே எழுதப்பட்ட நாடகம் அது. வேல்ஸ் பகுதியின் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் உள்ளே இருக்கும்போது விளக்குகள் அணைந்துபோகின்றன, வெடிச்சத்தம் கேட்கிறது, தண்ணீர் ஏறத் தொடங்குகிறது. விளக்கு அணைந்துவிட்டதென்று ஒரு பாத்திரம் சொல்வதுதான் நாடகத்தின் தொடக்கம். அந்த ஒரு வரியால் ஹியூஸ் வானொலியின் பெருங்குறையை ஒரே வீச்சில் கடந்துவிட்டார். நாடகத்துக்குள் இருப்பவர்களுக்கும் கண் தெரியவில்லை, வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் கண் தெரியவில்லை. இரு சாராரும் ஒரே இருட்டில் நிற்பதால், யார் எங்கே இருக்கிறார்கள், தண்ணீர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பாத்திரங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது இயல்பான பேச்சாகவே அமைந்துவிடுகிறது.

ஆனால் எல்லா நாடகத்தையும் சுரங்கத்துக்குள் நடத்த முடியாது. பட்டப்பகலில், வெளிச்சமான கூடத்தில், பார்வை நன்றாக உள்ள நான்கு பேர் நடமாடும் காட்சியில், கேட்பவர் ஒருவர் மட்டுமே எதையும் காணாதவராக உட்கார்ந்திருக்கிறார். அங்கே ஒருவன் கடிதத்தைக் கிழிக்கிறான், ஒருத்தி வளையலைக் கழற்றி வைக்கிறாள், ஒரு பெரியவர் பேச்சின் நடுவில் எழுந்து வெளியே போகிறார். இவற்றை எப்படித் தெரிவிப்பது என்பதுதான் வானொலி நாடகம் எழுதுவோரை வாட்டும் கேள்வி. பலர் இதற்கு ஒலிகளின் பட்டியலை விடையாகத் தருகிறார்கள். எனக்கு அந்த விடை போதவில்லை. வானொலியில் ஒரு செயலை நேராக எழுதவே முடியாது என்றும், பக்கத்தில் இருக்கும் இன்னொரு மனிதரிடத்தில் அந்தச் செயல் உண்டாக்கும் மாற்றத்தை எழுதினால் செயல் தானாகக் கேட்டுவிடும் என்றும் நான் கருதுகிறேன்.

முதன்முதலாக எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். கேட்பவருக்குத் தெரியவில்லையே என்ற பதற்றத்தில், பாத்திரத்தின் வாயில் வருணனையைத் திணித்துவிடுகிறார்கள். ‘என்ன அண்ணே, கையில் அரிவாளோடு பின்வாசல் வழியாக வருகிறீர்கள்?’ என்று தம்பி கேட்கிறான். அரிவாள் இருப்பது அண்ணனுக்குத் தெரியும், பின்வாசல் வழியாக வந்ததும் தெரியும். தெரிந்த இருவருக்கிடையில் தெரிந்ததைச் சொல்லும் இந்த வசனம், மூன்றாவதாக ஒருவர் ஒட்டுக்கேட்கிறார் என்பதை அறிந்து பேசுவதுபோல் ஒலிக்கிறது. இங்கிலாந்தின் நடிகர் டிமதி வெஸ்ட் இத்தகைய வசனங்களையே கோத்து ஒரு கேலி நாடகம் எழுதினார் என்பதிலிருந்து, இந்த நோய் எந்த மொழிக்கும் தனியுடைமை அல்ல என்பது விளங்கும்.

அரிவாளோடு வருகிறவனைக் கண்ணெதிரே பார்த்தவன் அரிவாளைப் பற்றிப் பேசமாட்டான். ‘வேண்டாம்ணே. கீழ போடுங்க. பிள்ளைங்க உள்ள தூங்குது’ என்பான். ‘கீழ போடுங்க’ என்ற சொல்லிலேயே கையில் ஏதோ இருப்பது தெரிந்துவிட்டது. பிள்ளைகள் தூங்குவதைச் சொல்லித் தடுக்கும்போது அது எத்தகைய பொருள் என்பதும் தெரிந்துவிட்டது. தணிந்த குரலிலும் அவசரத்திலும் அண்ணன் எவ்வளவு நெருங்கிவிட்டான் என்பது தெரிகிறது. அரிவாள் என்ற சொல் ஒருமுறையும் வரவில்லை. பெயர் சொல்லாமல் விட்டதால் கேட்பவர் தமக்குத் தெரிந்த அரிவாளை, தம் ஊர்க் கொல்லன் அடித்துக் கொடுத்த அரிவாளை, அந்தக் கையில் வைத்துப் பார்க்கிறார். ஓவியர் வரைந்து காட்டும் எந்த அரிவாளையும்விட அது கூர்மையானது.

இதற்காக, மனிதர்கள் செயலை வாய்விட்டுச் சொல்வதே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நாம் நாள் முழுவதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. குழந்தைக்குச் சோறு ஊட்டும் தாய் ஒவ்வொரு கவளத்தையும் சொல்கிறாள். பாரம் தூக்குகிறவர்கள் ‘உன் பக்கம் தாழ்த்து, படி இருக்கு’ என்கிறார்கள். பார்வை இழந்த தாத்தாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகும் பேரன், தொலைபேசியில் பேசும் மகள், ஊசி போடும் செவிலியர், முடி வெட்டுகிறவர், வண்டியைப் பின்னோக்கி எடுக்க உதவும் கிளீனர் ஆகிய எல்லோரும் செயலைச் சொல்லால் பின்தொடர்பவர்கள். பயந்தவர்கள் சொல்கிறார்கள், தடுப்பவர்கள் சொல்கிறார்கள், பொய் சொல்கிறவர்கள் இன்னும் விரிவாகச் சொல்கிறார்கள். ஆகவே எழுதுபவர் செய்ய வேண்டியது, காட்சிக்குள் ஒருவருக்கு அந்தச் செயலைச் சொல்லியே தீர வேண்டிய தேவையை உண்டாக்குவதுதான். தேவை அமைந்துவிட்டால் வருணனை வசனமாகிவிடும்.

ஒலியைப் பொறுத்தவரை, அது தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளாது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். எண்ணெயில் அப்பளம் பொரிவதும், ஓட்டுக்கூரையில் மழை பெய்வதும், தொலைவில் கூட்டம் கைதட்டுவதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. நெருப்பு எரிவதைக் காட்டக் கண்ணாடித்தாளைக் கசக்குவதும், குதிரை ஓடுவதைக் காட்டக் கொட்டாங்கச்சிகளைத் தட்டுவதும் பழைய ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்பட்டதற்குக் காரணம் அந்த ஒலிகள் துல்லியமானவை என்பதல்ல. கேட்பவர் அந்த ஒலியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே. ‘கூரை பிடிச்சிருச்சு’ என்ற அலறலுக்குப் பின் கண்ணாடித்தாள் நெருப்பாகிறது. அதே தாள், ‘மிட்டாயைப் பிரிச்சுக் குடும்மா’ என்ற கெஞ்சலுக்குப் பின் மிட்டாய் உறையாகிறது. ஆகவே ஒலிக்கு முன்னால் ஓர் எதிர்பார்ப்பும், ஒலிக்குப் பின்னால் ஒரு மனிதரின் எதிர்வினையும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட ஒலி, கேட்பவரின் மனத்தில் ஐயமில்லாமல் இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வானொலியில் திரைப்பட ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் மறுபக்கம் நன்றாகத் தெரியும். கண்ணுக்காக எடுக்கப்பட்ட படத்தின் ஒலித்தடத்தைச் சுருக்கி ஒலிபரப்புவார்கள். வசனம் நிறைந்த குடும்பக் காட்சிகள் வானொலியிலும் தடையின்றி ஓடும். பிறகு திடீரென இசை உயரும், ஏதோ உடையும், மோட்டார் வண்டி கிறீச்சிடும், இரண்டு மூன்று நிமிடத்துக்கு அடிதடி. யார் யாரை அடிக்கிறார்கள், யார் விழுந்தார்கள், யார் தப்பினார்கள் என்று எதுவும் விளங்காது. வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்களில் படத்தை ஏற்கெனவே டூரிங் டாக்கீசில் பார்த்துவிட்ட ஒருவர்தான் ‘இப்ப கிணத்துக்குள்ள தள்ளிட்டான்’ என்று சொல்லிக்கொண்டு வருவார். அவர் இல்லாத வாரம் சண்டைக் காட்சி வெறும் இரைச்சலாகக் கடந்துபோகும். ஒலி எவ்வளவு நேர்த்தியாகப் பதிவானாலும், அதைத் தாங்கிப் பிடிக்கும் மனிதக் குரல் இல்லாவிட்டால் செயல் கேட்காது என்பதை எனக்குக் கற்பித்தவர் அந்தப் பக்கத்து வீட்டு அண்ணன்தான். வானொலிக்கென்று நாடகம் எழுதுகிறவர் அந்த அண்ணனைக் காட்சிக்குள்ளேயே, ஒரு பாத்திரமாக, தன் காரணத்துக்காகப் பேசுகிறவராக உட்கார வைக்க வேண்டும்.

நான் எழுதிய ஒரு நாடகத்தில் சிறிய காட்சி ஒன்று. வட்டிக்காரர் காலையில் வந்துவிடுவார் என்ற நெருக்கடியில், முருகேசு நள்ளிரவில் எழுந்து, மனைவி செல்வியின் சங்கிலியை அடகு வைப்பதற்காகக் கூடத்திலிருக்கும் இரும்புப் பீரோவைத் திறக்கிறான். செல்வியும் குழந்தையும் உள்ளறையில் தூங்குகிறார்கள். தாய் கூடத்தின் மறுகோடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள். முதல் வடிவில் முருகேசு தனக்குத்தானே பேசிக்கொண்டான். ‘எல்லோரும் தூங்குகிறார்கள். மெதுவாகத் திறக்க வேண்டும்’ என்று தொடங்கி, சாவி, கதவு, நகைப்பெட்டி, சங்கிலி, சட்டைப்பை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலி எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது, கேட்டவர்களுக்குப் பீரோ திறந்ததே உறுதியாகத் தெரியவில்லை. சங்கிலி உரசும் ஓசையைக் கொலுசு என்று நினைத்தவர்கள்கூட இருந்தார்கள். திருத்திய வடிவம் இது:

(இரவு. சுவர்க்கடிகாரம். சாவிக்கொத்து ஒலித்து, சட்டென்று கைக்குள் அடங்குகிறது.)

தாய் (தள்ளி, படுத்தபடி): யாரு?

(அமைதி.)

தாய்: முருகேசா?

முருகேசு (அடங்கிய குரலில்): நான்தாம்மா. தண்ணி குடிக்க வந்தேன். நீ தூங்கு.

தாய்: பானை இந்தப் பக்கம்ல இருக்கு.

(அமைதி. பீரோவின் கைப்பிடி திரும்புகிறது.)

தாய்: செல்விக்குத் தெரியுமா?

முருகேசு: ரெண்டே நாள்ல திருப்பி வச்சிருவேம்மா.

சங்கிலி என்ற சொல் இதில் இல்லை. அடகு, வட்டி, திருட்டு ஆகியவையும் இல்லை. சாவிக்கொத்தின் ஒலியைவிட, அது கைக்குள் அடங்குவதுதான் செய்தி: பிறர் கேட்டுவிடக் கூடாதென்று அஞ்சுகிறவன் ஒருவன் இருக்கிறான். தாயின் முதல் கேள்விக்கு விடை வராதபோது அந்த அச்சம் உறுதியாகிறது. பானை இந்தப் பக்கம் இருக்கிறது என்ற ஒரு வரி அந்தக் கூடத்தின் வரைபடத்தையே போட்டுவிடுகிறது. தண்ணீர்ப் பானை தாயின் அருகில், மகன் மறுகோடியில், அவனுடைய பொய் இருவருக்கும் நடுவில். அவள் குற்றம் சாட்டவில்லை, பானையின் இடத்தைச் சொல்கிறாள்; ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது. கைப்பிடி திரும்பும் ஒலி அதற்குப் பிறகுதான் வருகிறது. அது தாயின் வரிக்கு முன்னால் வந்திருந்தால் வெறும் இரும்புச் சத்தம். பின்னால் வருவதால், தாய்க்குத் தெரிந்தும் அவன் திறந்துவிட்டான் என்ற முடிவு. ‘செல்விக்குத் தெரியுமா?’ என்பது, எடுக்கப்படும் பொருள் யாருடையது என்பதைத் தெரிவிக்கிறது. தாய் பாயில் படுத்துக்கொண்டு, பார்க்காமல், கேட்டே எல்லாவற்றையும் அறிகிறாள். வானொலி கேட்பவரும் அதே பாயில்தான் படுத்திருக்கிறார்.

தண்ணீரைச் சாக்காக்கிய இந்தப் பொய்யை எழுதி முடித்த பிறகுதான் கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் உள்ள புகழ்பெற்ற பாடல் நினைவுக்கு வந்தது. சிறுவயதில் மணல்வீட்டைக் கலைத்தும் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியும் தொல்லை செய்த ஒருவன், ஒருநாள் வீட்டுக்கு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். தாய் சொல்ல, மகள் தண்ணீர் கொண்டுபோகிறாள். அவன் அவளுடைய முன்கையைப் பற்றிவிடுகிறான். ‘அம்மா, இவன் செய்ததைப் பார்’ என்று அவள் கத்த, தாய் அலறிக்கொண்டு ஓடிவர, தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டான் என்று மகள் மாற்றிச் சொல்லிவிடுகிறாள். தாய் அவன் முதுகை நீவிவிடுகிறாள். அவனோ மகளைக் கடைக்கண்ணால் கொல்வதுபோல் பார்த்துச் சிரிக்கிறான். இவ்வளவையும் தலைவி தன் தோழியிடம் சொல்வதாக அமைந்த பாடல் அது.

இதை வானொலிக் காட்சியாக மாற்றிப் பார்ப்பது நல்ல பயிற்சி. வாசலில் தண்ணீர் கேட்கும் குரல், உள்ளிருந்து தாயின் ஏவல், கத்தல், ஓடிவரும் அலறல், பொய் என்று முக்கால் பங்கு அப்படியே காதுக்கு வந்துவிடும். கை பற்றியது கூடத் தெரிந்துவிடும். வளையொலியும் பாத்திரம் தளும்புவதும் மூச்சுத் தடுமாற்றமும் போதும். பொய் பிறக்கும் இடத்தில் ஒரு நல்ல நடிகர் ஒரு கணம் தாமதித்து இருமத் தொடங்கினால், அவன் பொய்யில் பங்கெடுத்துக்கொண்டான் என்பதும் கேட்டுவிடும். கடைசியில் வரும் கடைக்கண் பார்வைதான் வானொலிக்கு வசப்படாதது. பார்வைக்கு ஒலி கிடையாது. ‘ஏன் என்னை அப்படிப் பார்க்கிறாய்?’ என்று அவளைக் கேட்க வைத்தால் தாய் பக்கத்தில் நிற்கிறாள், பொய் உடைந்துவிடும். சங்கப் புலவர் அந்தச் சிக்கலுக்கு விடையை வடிவத்திலேயே வைத்திருக்கிறார்: நடந்தது நடந்த இடத்தில் சொல்லப்படவில்லை, பிறகு தோழியிடம் சொல்லப்படுகிறது. பார்வையைச் சொல்வதற்கு அவளுக்கு இப்போது காரணம் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. அகப்பாடல்கள் அனைத்தும் ஒருவர் இன்னொருவரிடம் பேசும் கூற்றுகளாகவே அமைந்தவை என்பதை நினைத்தால், காணாத செயலைப் பேச்சுக்குள் பொதிந்து வைக்கும் கலையில் நம் மொழிக்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு என்று துணிந்து சொல்லலாம்.

தமிழ் இலக்கணமும் இந்த வேலையில் எழுதுபவருக்குத் துணை நிற்கிறது. இதை நம் வானொலி எழுத்தாளர்கள் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம். கதவு திறக்கும் ஒலி கேட்கிறது. ‘வந்துட்டான்’ என்று ஒருத்தி சொன்னால் வந்தவர் ஆண், ஒருவர், அவளுக்கு இளையவர் அல்லது அவள் மதிக்காதவர். ‘வந்துட்டாரு’ என்றால் வயதும் மதிப்பும் மாறிவிட்டன. அதையே அவள் குரலைத் தணித்துச் சொன்னால், வீட்டில் யாருக்கு அஞ்சுகிறார்கள் என்பதும் வந்துவிட்டது. பெயர் இல்லாமல், உருவம் இல்லாமல், ஒரு விகுதி மட்டும் ஆளை உள்ளே அழைத்து வருகிறது. திசையும் அப்படியே. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலை இடங்களை நோக்கியவை என்றும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கையை நோக்கியவை என்றும் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. ‘எடுத்துட்டு வா’ என்பதற்கும் ‘எடுத்துட்டுப் போ’ என்பதற்கும் இடையில் ஒலிவாங்கியின் இடம் தெளிவாகிவிடுகிறது. கேட்பவர் யாருடைய பக்கத்தில் நிற்கிறார் என்பதை வினைச்சொல்லே தீர்மானித்துவிடுகிறது.

துணைவினைகள் இன்னும் நுட்பமானவை. கண்ணாடி நொறுங்கும் ஒலி கேட்டதாக வைத்துக்கொள்வோம். அடுத்து வரும் குரல் ‘உடைஞ்சுபோச்சு’ என்றால் கை தவறியது. ‘உடைச்சுட்டான்’ என்றால் இன்னொருவன் செய்தது. ‘உடைச்சுத் தொலைச்சிட்டான்’ என்றால் சொல்பவருக்கு அலுப்பு. இது முதல் தடவையும் அல்ல. ‘உடைச்சே புட்டியா!’ என்றால் உடைக்காதே என்று சொல்லியும் கேட்காமல் உடைத்திருக்கிறாய். ஒலி ஒன்றுதான், அது எந்தச் செயல் என்பதை ஒரு துணைவினை தீர்மானிக்கிறது. இவ்வளவு வளம் கையில் இருக்கும்போது, ‘ஐயோ, விலை உயர்ந்த கண்ணாடிக் குவளையைக் கோபத்தில் தரையில் எறிந்து உடைத்துவிட்டாயே’ என்று எழுதுவது மொழிக்குச் செய்யும் அநீதி. முறைப்பெயர்களும் அதேபோல் உழைப்பவை. மேடையில் பார்த்தவுடன் தெரியும் உறவை, வானொலியில் ‘மதினி’, ‘சம்பந்தி’, ‘பெரியாயி’ என்ற ஒரு விளி தெரிவித்துவிடுகிறது. அதோடு ஊரையும் சாடையாகக் காட்டிவிடுகிறது. இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்கள் யாழ்ப்பாணப் பேச்சுவழக்கை அப்படியே ஒலிக்கவிட்டபோது, கேட்டவர்களுக்கு வேட்டியும் முற்றமும் வேலியும் சேர்த்தே தெரிந்தன.

இரட்டைக்கிளவிகளில் மட்டும் கவனம் வேண்டும். ‘தடதடன்னு ஓடி வர்றான்’ என்ற வரி, ஓடிவரும் காலடி ஒலிக்கும்போதே வந்தால் ஒரே செய்தி இருமுறை வருகிறது. நடந்து முடிந்ததைப் பிறகு சொல்லும்போது அதே ‘தடதட’ ஒலிக்குறிப்பைவிட வலிமையானது.

ஓசை இல்லாமையைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். வானொலியில் பேசாதிருப்பவர் இல்லாமல் போய்விடுகிறார். மேடையில் மூலையில் நிற்பவரைக் கண் அவ்வப்போது தொட்டுக்கொண்டே இருக்கும். காதுக்கு அந்த வசதி இல்லை. ஒன்றிரண்டு நிமிடம் பேசாத பாத்திரத்தைக் கேட்பவர் மறந்துவிடுவார், பிறகு அவர் திடீரென்று பேசினால் எங்கிருந்து வந்தார் என்று திகைப்பார். சாமுவேல் பெக்கெட் பிபிசிக்காக எழுதி 1957 ஜனவரியில் ஒலிபரப்பான முதல் வானொலி நாடகத்தில், ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் மூதாட்டி, தான் பேசாதிருப்பதால் அங்கே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம் என்ற பொருளில் மற்றவர்களிடம் சொல்கிறாள். புறக்கணிக்கப்பட்ட முதுமையின் வருத்தமாகவும், வானொலியின் இயல்பைப் பற்றிய உண்மையாகவும் அந்த ஒரு வரி நிற்கிறது. அதே நாடகத்தின் மையமான நிகழ்ச்சி, ஒரு குழந்தை ரயிலிலிருந்து விழுந்து இறந்தது, நம் காதுக்கு வரவே இல்லை. ரயில் ஏன் தாமதமானது என்று மூதாட்டி கேட்கக் கேட்க, அந்த ரயிலில் வந்த கணவர் சொல்லாமல் தவிர்த்துக்கொண்டே வருகிறார், கடைசியில் ஒரு சிறுவன் சொல்லிவிட்டுப் போகிறான். விழுந்த ஒலியை வைத்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும் செய்தி, அந்தத் தவிர்த்தலால் நாடகம் முழுவதும் கனக்கிறது.

இன்னோர் உதாரணம் எல்லோருக்கும் தெரிந்தது. 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் குழுவினர் அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில், செவ்வாய்க் கோளிலிருந்து வந்தவர்கள் தாக்குவதைச் செய்தி ஒலிபரப்பு போன்ற வடிவில் நடத்தினார்கள். நியூ ஜெர்சியின் வயல்வெளியிலிருந்து பேசிக்கொண்டிருந்த செய்தியாளர், நெருப்பு தன் பக்கம் பரவுவதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே துண்டிக்கப்படுகிறார். பிறகு முழு அமைதி. அதன் பின் நிலைய அறிவிப்பாளர், கள ஒலிபரப்பில் ஏதோ கோளாறு என்று சாதாரணக் குரலில் சொல்ல, பியானோ இசை தொடங்குகிறது. செய்தியாளர் பாத்திரத்தை ஏற்ற நடிகர் ஃபிராங்க் ரெடிக், 1937இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்ததை நேரில் கண்டு கதறிய செய்தியாளரின் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தன் குரலைத் தயார்செய்துகொண்டார். வயல்வெளியில் இருந்த செய்தியாளர் இறந்ததை அந்தக் கணத்தில் யாரும் சொல்லவில்லை, இறக்கும் ஒலியும் இல்லை. பேசிக்கொண்டிருந்த குரல் வாக்கியத்தை முடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் இந்த அமைதிக்கு முன்னால் அவர் இடைவிடாமல் பேசியிருக்க வேண்டும். பேச்சால் நிரப்பிய இடத்தில்தான் அமைதி செயலாக மாறும். ஏற்கெனவே வெறுமையாக இருந்த இடத்தில் அமைதி, நிலையத்தின் கோளாறு என்றே தோன்றும்.

தொலைவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஒலிவாங்கி இருக்கும் இடம்தான் கேட்பவர் இருக்கும் இடம். பழைய ரிப்பன் ஒலிவாங்கிகள் முன்பக்கமும் பின்பக்கமும் நன்றாகக் கேட்கும், பக்கவாட்டில் மந்தமாகும். நடிகர் ஓரடி விலகிப் பக்கவாட்டுக்கு நகர்ந்தாலே அறையை விட்டுப் போவதுபோல் இருக்கும். இதை எழுதுபவரும் அறிந்திருந்தால், ‘நான் போகிறேன்’ என்ற வசனம் தேவையே இல்லை. போய்க்கொண்டே பேசும் ஒரு வரியை எழுதி, அதன் கடைசிச் சொற்கள் தேயும்படி குறித்தால் போதும். எவருடன் கேட்பவரை நிறுத்துவது என்பது எழுதும்போதே முடிவாக வேண்டிய ஒன்று. அடிதடியை அடிப்பவர்களின் நடுவில் வைத்தால் இரைச்சல். தாழிட்ட கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் பத்து வயது மகளின் அருகில் வைத்தால், உள்ளே விழும் ஒவ்வோர் அடியும் அவளுடைய மூச்சில் தெரியும்.

கதை சொல்லியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். தெருக்கூத்தின் கட்டியங்காரனையும் வில்லுப்பாட்டின் புலவரையும் கண்டு வளர்ந்த நமக்கு அது அந்நியமான வழி அல்ல. நிகழ்ச்சியை நிறுத்திச் சொல்லிவிட்டு மீண்டும் தொடங்குவது நம் மரபில் இயல்பே. காலம் தாண்டுவதற்கும், பெரிய போரை நான்கு வரியில் கடப்பதற்கும் கதை சொல்லி நன்று. ஆனால் அவர் நடப்பதை எல்லாம் சொல்லிவிட்டால், கேட்பவர் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது. பானை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதிலிருந்து மகனின் திருட்டைத் தாமே அறியும் அந்தக் கணம் போய்விடும். எனக்கு அந்தக் கணத்தை இழக்க மனமில்லை.

ஒலி ஒருமுறை பொருளைக் கற்றுக்கொண்டுவிட்டால் அடுத்த முறை துணையில்லாமல் நடக்கும் என்பதையும் எழுதுபவர் கணக்கில் கொள்ள வேண்டும். முருகேசுவின் பீரோக் கைப்பிடிக்கு இரவில் தாயின் வரி தேவைப்பட்டது. மறுநாள் காலைக் காட்சியில் அது தேவையில்லை. தாய் வெற்றிலை உரலில் பாக்கு இடித்துக்கொண்டிருக்கிறாள்; செல்வி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கூடத்துக்கு வருகிறாள்; சாவிக்கொத்து, இப்போது எவருக்கும் அஞ்சாமல், முழுதாகக் குலுங்குகிறது; கைப்பிடி திரும்புகிறது. அந்த ஒலிக்கு உரல் நின்றுவிடுகிறது. முணுமுணுப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் தொடர்கிறது, பிறகு அதுவும் நடுவில் நிற்கிறது. உரல் முன்னால் நின்றதால் மாமியாருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை நாம் அறிகிறோம், அந்த வீட்டில் செல்வியும் அறிந்துவிடுகிறாள். வரிசையை மாற்றினால் இருவரும் ஒன்றாக அதிர்ந்ததாகிவிடும். பிரதியில் அந்தப் பக்கத்தில் வசனம் ஒன்றுமில்லை. இரண்டு ஒலிகள் நிற்கும் வரிசையும், அதன் கீழே ‘ஐந்து விநாடி’ என்ற குறிப்பும் மட்டுமே இருக்கின்றன.